பீங்கான் எழும்பாத வீடு

தாழ்வான பாலமான கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து நாவிதன்வெளிப் பாதை மூடப்பட்டிருந்த ஒரு கார்த்திகை மாதத்துப் புதன்கிழமை, பகல் ஒன்றரை மணிக்கு, கல்முனைக்குடியில் முத்தலிப் சோறு தின்று முடித்த பீங்கானை அவன் மனைவி றாஹிலாவால் பாயிலிருந்து தூக்க முடியவில்லை. அன்று சந்தையில் கீரி மீன் கிலோ ஐந்நூறு ரூபாய்க்குப் போனது. மழையால் வேறு மீன் வரவில்லை. பீங்கான் சாதாரணமானது. வெள்ளையில் நீலப் பூ, விளிம்பில் ஒரு சிறு உடைவு. றாஹிலா முதலில் ஒரு கையால் இழுத்தாள், பிறகு இரண்டு கையாலும் இழுத்தாள், பாய் சுருண்டதே தவிரப் பீங்கான் அசையவில்லை. பக்கத்தில் மகன் அர்ஷாத் தின்றுவிட்டுப் போன பீங்கானும் அப்படியே. மகள் றுக்ஸானாவின் பீங்கானை அரை அடி இழுக்க முடிந்தது, தூக்க முடியவில்லை. றாஹிலாவின் உம்மாவும் வாப்பாவும் தின்ற பீங்கான்கள் மட்டும் தொட்டவுடன் கையோடு வந்தன. அவளுடையது எப்போதும் போல எழும்பியது. அவள் தேங்காய் உரிக்கும் அலவாங்கைக் கொண்டு வந்து நெம்பிப் பார்த்தாள். அலவாங்கு வளைந்தது. அதை வளைந்தபடியே குசினி மூலையில் சாத்தி வைத்தாள்.

முத்தலிபின் பீங்கானுக்குக் கீழே ஒரு கடிதம் அகப்பட்டிருந்தது. றாஹிலா வேலையை விடுவதாக மேலதிகாரிக்கு எழுதப்பட்ட கடிதம் அது. இரண்டு பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு படித்துப் பட்டம் எடுத்து, முப்பத்தாறாவது வயதில் அவள் பெற்ற வேலை. நாவிதன்வெளியில் வயல்காரர்களுக்கான ஒரு கந்தோர். எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர், எந்தக் கண்டத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பு என்பதெல்லாம் ஆறு வருடத்தில் அவளுக்கு மனப்பாடம். நற்பிட்டிமுனை விவசாயிகள் அவள் மேசையைத் தேடி வந்துதான் தண்ணீர்ச் சண்டையைச் சொல்வார்கள். அந்த மேசையில் இருக்கும்போது றாஹிலாவுக்கு முதுகு நிமிர்ந்திருக்கும். அதை அவளே கவனித்திருக்கிறாள். ஆனால் நான்கு மணிக்கு எழும்பி இரண்டு வேளைக்குச் சமைத்து, இரவுப் பாத்திரங்களைக் கழுவி, ஆறு பேரின் உடுப்பை ஊறப்போட்டு, வாப்பாவைக் குளிப்பாட்டி, வீடு கூட்டிவிட்டு அவள் பஸ் பிடிக்கும்போது வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுந்திருக்கும். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தியதாகக் கணக்கு. அந்த வருடத்தில் மூன்று முறை விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. வீட்டார் கூடிக் கதைத்தார்கள். வீட்டு வேலையைப் பிரித்துக்கொள்ளலாம் என்பது அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“ஊட்டு வேலயும் நடக்கல்ல, கந்தோர் வேலயும் நடக்கல்ல. ஒண்ட உடு மகள்,” என்றார் உம்மா றஹீமா.

“எத உடுறண்டு நானெல்லோ சொல்லணும் உம்மா,” என்றாள் றாஹிலா.

முத்தலிபுக்கு நல்ல கையெழுத்து. கடிதத்தை அவனே எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டு, சாப்பாட்டுப் பாய்க்குக் கொண்டு வந்தான். ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் பீங்கானை வைத்துத் தின்றான். தின்று எழும்பிக் கை கழுவி வந்து, “கையெழுத்த வெச்சிட்டியா?” என்று கேட்டான்.

“பீங்கானுக்குக் கீழ கெடக்கிற காயிதத்துல எப்பிடி மச்சான் கையெழுத்து வெக்கிற?”

“அப்ப இன்னொண்டு எழுதித் தாறன்.”

எழுதினான். பழக்கதோஷம், அதன் மேலும் இரவுச் சோற்றுப் பீங்கானை வைத்தான். மூன்றாவது கடிதம் எழுத அவனுக்குக் கை வரவில்லை.

அவனைக் குறை சொல்ல ஊரில் ஆள் கிடையாது. பஸாரில் கயிறும் வலையும் விற்கிற கடை அவனுடையது. குரல் உயர்த்தாதவன், மீன் பார்த்து வாங்கத் தெரிந்தவன், மனைவி படிக்க வேண்டும் என்றபோது புத்தகம் தேடிக் கொடுத்தவன். குசினி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் அவனுக்கு வாசனையால்தான் தெரியும். அதற்கும் காரணம் உண்டு. இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவான். வந்தவனை வந்தவனாகவே வைத்துப் பார்ப்பது பெண்ணைப் பெற்றவளின் மானம். கலியாணத்துக்கு மறுநாள் றஹீமா உம்மா அவன் கை கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றி, பீங்கானை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பீங்கான் அப்படித்தான் போனது. உம்மாவின் முழங்கால் தேய்ந்த பிறகு ஏந்திய கை றாஹிலாவின் கையானது, அவ்வளவுதான். அர்ஷாத் பிறந்து வளர்ந்து போன் கடையில் வேலைக்குச் சேர்ந்து மீசை வைத்தது வரை அதைப் பார்த்தே தின்றான். பீங்கான் தானாகவே போய்விடும் என்று அவன் நினைத்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை.

அடுத்த வேளைக்கு வேறு பீங்கான் வைத்தார்கள். அதுவும் வைத்த இடத்தில் நின்றது. வியாழன், வெள்ளி, சனி என்று ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகப் பீங்கான் இறங்கியது. வெள்ளி இரவு அலுமாரியிலிருந்த கலியாணச் சீர்ப் பீங்கான்களும் வந்தன. குளியலறை வாசலில் முத்தலிப் உரிந்து போட்ட சாரன் சிமெந்தோடு ஒட்டிக் கிடந்தது. அர்ஷாத்தின் தேத்தண்ணிக் கோப்பைகள் ஜன்னல் திண்டில் வரிசையாக நின்றன. ஞாயிறு ஆனபோது மண்டபத்தில் நடக்க வேண்டுமானால் காலைச் சரித்துச் சரித்து வைக்க வேண்டியிருந்தது. எறும்பு வந்தது, பிறகு பக்கத்து வீட்டுக் கோழி வந்தது. றாஹிலா தன் பீங்கானையும், உம்மா, வாப்பாவின் பீங்கான்களையும் கழுவிக் கவிழ்த்தாள். திங்கட்கிழமை தாம்போதியில் தண்ணீர் வடிந்துவிட்டது. சமைத்து மூடி வைத்துவிட்டு, பீங்கான்களை ஒவ்வொன்றாகத் தாண்டி வெளியே வந்து பஸ் ஏறினாள். சிவப்புக் கோடு அவள் கையெழுத்துக்குக் கீழே விழுந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவை. கையெழுத்து வைத்த பேனையை மூட மறந்து அவள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இனி ஒரு பீங்கானையும் இழுத்துப் பார்ப்பதில்லை என்று அந்த இடத்தில்தான் முடிவு செய்தாள்.

உம்மாவுக்கு இது ஜின் வேலை. வியாழக்கிழமை, றாஹிலா கந்தோர்விட்டு வந்த நேரம், ஸஜாத் மௌலவியைக் கூப்பிட்டுத் தண்ணீர் ஓதித் தெளிக்க வைத்தார். மௌலவி இளவயதுக்காரர், நல்ல குரல். ஓதி முடிந்து இறைச்சி ஆணத்தோடு சோறு வைத்தார்கள். அவர் தின்று முடிய, உம்மா குனிந்து பீங்கானை எடுக்கப் பார்த்தார். அது எழும்பவில்லை. மௌலவி இரண்டு விரலால் விளிம்பைத் தொட்டார், எழும்பியது. கீழே வைத்தார், உம்மா மறுபடி முயன்றார், எழும்பவில்லை. தின்றவர் கைக்கு எழும்பும் என்பது அன்றுதான் தெரிய வந்தது. ஒன்பது நாளாக முத்தலிபோ அர்ஷாத்தோ றுக்ஸானாவோ தங்கள் பீங்கானைத் தொட்டே பார்க்கவில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. மௌலவி எழும்பிக் கிணற்றடிக்குப் போய்த் தன் பீங்கானைத் தேய்த்துக் கழுவினார். உம்மா வெட்கத்தில் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

“உம்மா, இது ஜின் வேல இல்ல,” என்றார் மௌலவி. “ஜின்னுக்கு இவ்வளவு பொறுமை கெடயாது.”

“அப்ப என்ன மௌலவி?”

“நபியவங்க அவங்கட செருப்ப அவங்களே தெச்சாங்க, ஊட்டு வேல செஞ்சாங்கண்டு எத்தின பயான்ல சொல்லியிருப்பன். சொல்லிட்டு ஊட்ட போய்த் திண்ட பீங்கான அப்பிடியே வெச்சிட்டு எழும்பியிருக்கன்.” கையை உதறிக்கொண்டு அவர் போய்விட்டார். அடுத்த நாள் காலையில் அவர் தன் வீட்டு வாசலைத் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டு நின்றதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள்.

முத்தலிப் அதற்கு மறுநாள் அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தான். மாமி றஹீமா தொழுகைப் பாயில் இருந்தார். றாஹிலா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் முதல் நாள் பீங்கானுக்கு முன்னால் குந்தி, அவள் காது கேட்க, “உனக்கு ஒத்தாசையா இத நான் எடுக்கன்,” என்றான். இழுத்தான். அவன் கைக்கும் அது எழும்பவில்லை. முத்தலிபின் முகத்தில் பயம் தெரிந்தது. இன்னும் சத்தமாக, “ஒத்தாசை செய்றன் புள்ள,” என்று சொல்லி இழுத்தான். பீங்கான் பாயோடு சேர்ந்து தரைக்குள் ஒரு விரற்கடை இறங்கியது. அந்தப் பள்ளம் இன்றும் அங்கே இருக்கிறது.

ஒத்தாசை அந்த வீட்டில் நல்ல சொல்லாகத்தான் இருந்து வந்தது. பெருநாளைக்கு முதல் நாள் முத்தலிப் ஃபேன் இதழைத் துடைத்தால் அது ஒத்தாசை. றாஹிலாவுக்குப் பிள்ளை பிறந்த நாற்பது நாளில் அவன் இரண்டு தரம் தேத்தண்ணி ஊற்றியது ஒத்தாசை; அதை வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் உம்மா சொல்லிப் பெருமைப்பட்டார். ஒருநாள் வேலைக்கு ஒருவருட நன்றி என்ற அளவில் அந்தச் சொல் புழங்கியது. றாஹிலா கீரையைக் கீழே வைத்தாள்.

“ஆருக்கு ஒத்தாசை மச்சான்?” என்று கேட்டாள். “சோறு திண்டது ஆரு?”

அவளுக்குக் கோபம் இருந்தது, ஆனால் குரலில் இல்லை. முத்தலிப் குந்தியபடியே கால் மரத்துப்போகும் வரைக்கும் யோசித்தான்.

“நான்,” என்றான். “என்ட பீங்கான்.”

எழும்பியது. கீழே கடிதம், ஆணம் ஊறி மஞ்சளாக ஒட்டிக் கிடந்தது. தன் கையெழுத்தைத் தானே வாசித்தான். எனது குடும்பப் பொறுப்புகளின் காரணமாக என்று அழகாக எழுதியிருந்தான். பொறுப்புகள் பன்மையில் இருந்தன, ஆள் மட்டும் ஒருமையில் இருந்தாள். கடிதத்தைச் சுருட்டி, பீங்கானில் காய்ந்திருந்த சோற்றை அதாலேயே வழித்து, கோழிக்குப் போட்டான். பிறகு கிணற்றடிக்கு நடந்தான்.

அங்கேதான் சண்டை வந்தது, அதுவும் மாமியிடமிருந்து வந்தது. மதில் குட்டை, அந்தப் பக்கத்தில் இரண்டு வீட்டுப் பெண்கள் நின்றார்கள். தொழுகை முடித்து வந்த றஹீமா உம்மா, மாப்பிள்ளை குந்தியிருந்து பீங்கான் தேய்ப்பதைக் கண்டு, தேய்ந்த முழங்காலோடு ஓடிப்போய் அதைப் பறித்தார். பறித்த பீங்கான் அவரையும் சேர்த்துக் கீழே இழுத்தது. ஈரச் சிமெந்தில் உட்கார்ந்தபடி அவர் அழுதார். “ஊர் என்ன சொல்லும்? வந்த மாப்பிள்ளையப் பீங்கான் கழுவ வெச்ச குடியண்டு சொல்லாதா?”

றாஹிலா உம்மாவைத் தூக்கிவிடவில்லை. பக்கத்தில் தானும் ஈரத்தில் இருந்தாள்.

“உம்மா, இவர் வந்து இருபத்திரண்டு வருசம்,” என்றாள். “இன்னும் வந்து முடியல்லயா?”

மதிலுக்கு அந்தப் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். முத்தலிபின் கை பீங்கானில் நின்றது. இத்தனை வருடம் அந்த வீட்டில் எல்லாம் கிடைத்தும் ஏதோ ஒன்று தனக்குக் கிடைக்கவில்லை என்று அவன் சில நேரம் உணர்ந்ததுண்டு. அது என்னவென்று அவனுக்கு அப்போது விளங்கியது. “மாமி,” என்றான், “நான் வந்துட்டன். இனி என்னய ஊட்டு ஆளா வெச்சிக்கோங்க.” உம்மா முக்காட்டால் முகத்தைத் துடைத்தார். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பீங்கானை விட்டுவிட்டார்.

மண்டபத்தில் தன் பீங்கான்களை எடுத்துக் கழுவி முடிக்க முத்தலிபுக்கு இரண்டு நாள் பிடித்தது. அதன் பிறகு காலம் வேகமாகப் போனது. அவன் முதலில் வைத்த பருப்பு ஆணத்தைக் கோழியும் தின்னவில்லை. நான்காவது மாதத்தில் அவன் சூரை மீனுக்குப் புளி விடுகிற அளவைப் பற்றி றாஹிலாவோடு தர்க்கம் பண்ணினான். உடுப்பு றுக்ஸானாவுக்கும் அர்ஷாத்துக்கும் பாதிப் பாதி என்று ஆனது. அர்ஷாத் மட்டும் நாற்பது நாள் பிடிவாதமாக பஸாரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தின்று திரிந்தான். நாற்பத்தோராம் நாள் கடைக்காரர் ஆளனுப்பினார். அர்ஷாத் தின்ற பீங்கான்களால் ஐந்து மேசைகள் முடங்கிப்போய், வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டு தின்கிறார்களாம். அவன் போய் எல்லோரும் பார்க்க எல்லாவற்றையும் கழுவி அடுக்கிவிட்டு வந்து, ஒருவருக்கும் சொல்லாமல், வீட்டில் கிடந்த தன் பீங்கான்களையும் எடுத்துக் கழுவி, வீட்டுத் தும்புத்தடியை எடுத்துக் கூட்டத் தொடங்கினான். வாப்பா ஷரிபுதீனின் கதை வேறு. பாரிசவாதத்தில் ஒரு கால் விழுந்தவர். அவர் பீங்கான் காய்ந்த இலை போல இலேசாக இருந்தது எல்லோருக்கும் வசதி. அவருக்கு மட்டும் அது வருத்தம். “எனக்கும் கொஞ்சம் பாரம் தாங்க,” என்று ஒருநாள் கேட்டார். வெங்காயமும் உள்ளியும் உரிக்கக் கொடுத்தார்கள். ஒரு கிழமையில் அவர் பீங்கானுக்குப் பீங்கானின் கனம் வந்தது. அதைத் தன் கையால் மடிக்குத் தூக்கி வைத்துக்கொண்டு அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆறு பேரும் ஒரே சஹனைச் சுற்றி இருந்து தின்றார்கள். தின்று முடிய அந்தப் பெரிய தட்டு ஆறு பேர் கையும் பட்டால்தான் எழும்பியது. வாப்பாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு ஊர்வலம் போலக் கிணற்றடிக்குப் போனார்கள். றஹீமா உம்மாவும் ஒரு கை பிடித்திருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவர்களில் ஒருத்தி பிறகு வந்து, இரண்டு பீங்கான் இரவல் தர முடியுமா என்று கேட்டாள். றாஹிலா நான்கு கொடுத்தாள்.

வருடம் திரும்பிக் கார்த்திகை வந்தது, தாம்போதிக்கு மேலால் மறுபடி தண்ணீர் பாய்ந்தது. அந்த வருடத்தில் றாஹிலாவின் கையெழுத்து ஒருநாளும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை. வெள்ளம் வந்த அன்று வாய்க்கால் உடைவு ஒன்றைப் பார்க்கப் போய், உழவு மெசின் பெட்டியில் நின்றபடி தண்ணீரைக் கடந்து, இடுப்பு வரை நனைந்து மஃரிபுக்குப் பிறகு இருட்டில் வீடு வந்தாள். உடம்பு கொதித்தது. நான்கு வாய் தின்றிருப்பாள், சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போனாள். மற்றவர்கள் தங்கள் பீங்கானை எடுத்துப் போய்க் கழுவினார்கள். பாயில் அவளுடையது மட்டும் இருந்தது. அதை அதுவரை வேறு ஒருவரும் தொட்டதில்லை. தின்றதும் கையோடு எடுத்துப் போகிறவள் அவள். அவள் பீங்கானை இன்னொருவர் எடுக்க வேண்டிய நாள் ஒன்று அந்த வீட்டில் வந்ததே இல்லை.

“எழும்பாது வாப்பா,” என்றான் அர்ஷாத். “அது உம்மாட.”

“எழும்பாட்டியும் புடிச்சிப் பாப்பம். நீ அங்கால புடி.”

முத்தலிப் நெல் மூட்டை தூக்குகிறவன் போல முழங்காலை மடித்து, மூச்சை இழுத்துப் பிடித்து, பலத்தையெல்லாம் கூட்டி உயர்த்தினான். அவனும் மகனும் பின்பக்கமாக விழுந்தார்கள். பீங்கான் அவர்கள் கையை விட்டு மேலே போனது. ஃபேன் காற்று அதை வாங்கி, கடுதாசித் துண்டைப் போல இரண்டு சுற்றுச் சுற்றியது. சோற்றுப் பருக்கைகள் எல்லோர் தலையிலும் விழுந்தன. றுக்ஸானா பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். பீங்கான் மெல்ல மெல்ல இறங்கி ஷரிபுதீனின் மடியில் வந்து இருந்தது. அவர் அது மறுபடி கிளம்பாதபடி உள்ளங்கையால் அமர்த்திப் பிடித்தார்.

“இது இண்டைக்கு மட்டும் இலேசான பீங்கான் இல்ல,” என்றார்.

இத்தனை வருடமும் அது அப்படித்தான் இருந்திருக்கிறது. யாராவது ஒருநாள், ஒரே ஒருநாள், கை வைத்திருந்தால் தெரிந்திருக்கும். முத்தலிபுக்குக் கண் நிறைந்தது, வெட்கமும் வந்தது, இரண்டையும் அவன் மறைக்கவில்லை. றஹீமா உம்மா எழும்பி, மகளின் காய்ந்த விரல்களை ஒவ்வொன்றாக ஈரத் துணியால் துடைத்துவிட்டார். முத்தலிப் பீங்கானை நெஞ்சோடு அணைத்தபடி, கடல் காற்று பறித்துக்கொண்டு போகாமல், கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவி, கவிழ்த்து, மேலே அம்மிக் குழவியைப் பாரமாக வைத்தான்.

காய்ச்சல் மூன்றாம் நாள் விட்டது, தண்ணீர் வடிய அவள் கந்தோருக்குப் போனாள். அவள் பீங்கானை இப்போது நாளுக்கு ஒருவர் எடுக்கிறார்கள். முறை தவறினால் றுக்ஸானா சண்டைக்கு வருகிறாள். இந்தக் கரையில் சித்திரை வெயில் எப்படியென்று எல்லோருக்கும் தெரியும். அப்போதும் றாஹிலா சோறு தின்னும்போது அந்த வீட்டில் ஃபேன் போடுவதில்லை. ஆறு பேரும் வியர்த்துக்கொண்டே தின்கிறார்கள்.